வடக்கே நகர்ந்த கல்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வருகிற எலெக்ட்ரிக் ட்ரெயின். மாம்பலத்தில் கூட்டம் இறங்கியதும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. (இந்த வாரத்துக்கு இந்தச் செய்தியே போதும். இருந்தாலும் மேலே படியுங்கள்.)

எதிர் சீட்டில் இரண்டு காலேஜ் மாணவர்கள். ஒருவர் மடியில் தலையணை தண்டிக்கு ஒரு புத்தகம். இன்னொருவர் மடியில் வேர்க்கடலைப் பொட்டலம்.

புத்தகம் சொன்னது: "இந்தியா ஒரு காலத்துல ஆப்பிரிக்காவோட ஒட்டிக்கினு இருந்துச்சு மச்சான். அப்புறம் பிச்சிக்கினு வடக்க போய் ஆசியா மேல மோதிச்சு. அதான் இமயமலை. இன்னும் போய்க்கினேதான் கீது."

வேர்க்கடலை கேட்டது: "போவட்டும். அதனால நமக்கு இன்னா?"

எழுந்து நின்று, "அதனால எனக்கு ஒன்றரை அடி போச்சுப்பா!" என்று கத்தலாமா என்று தோன்றியது. எழுந்தால் சீட் போய்விடும். உட்கார்ந்தே இருந்தேன்.

விஞ்ஞானிகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பரிதாபம் உண்டு. பாவம், தூக்கம் கெட்டு, கண் கெட்டு, ஊரார் வாயில் விழுந்து ஒரு தியரி கண்டுபிடிக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? பூமி உருண்டை என்றார்கள் — சரி என்றோம். சூரியன் சுற்றவில்லை, பூமிதான் சுற்றுகிறது என்றார்கள். அதற்கும் சரி. பூமி நடுவில் இல்லாவிட்டால் என்ன, நான் நடுவில் இருக்கிறேனே! குரங்கும் நாமும் ஒரே வம்சம் என்றார்கள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரை ஒரு தடவை பார்த்தோம். உடனே ஒப்புக்கொண்டோம். நேரம் என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடாது என்றார் இன்னொருவர். குரோம்பேட்டை தாண்டி வண்டி நின்றுபோய், அதே நேரத்தில் ஆபீஸில் ஹெட்கிளார்க் நம் பெயருக்கு நேரே சிவப்பு மை போடுவதை மனக்கண்ணில் பார்த்தவனுக்கு இதில் என்ன புதுசு?

புது தியரி வந்தால் உலகமே தலைகீழாகப் புரண்டுவிடும் என்கிறார்கள். புரளட்டும் சார்... நம் வீட்டு அண்டா புரளாமல் இருந்தால் சரி. நானும் இப்படித்தான் இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தியரி எங்கள் கொல்லைக்கே வந்து சேரும்வரை.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். ஏரியோரத்து வயலைப் பிளாட் போட்டு விற்றபோது வாங்கிய மனை. வேலி கிடையாது, காம்பவுண்டு கிடையாது. நாலு மூலையிலும் முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு சர்வே கல். பல்லாவரம் மலையில் உடைத்த கருங்கல். அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அடுத்தவர். அவ்வளவுதான் எல்லை.

வடக்குப் பக்கத்து மனை காதர் பாயுடையது. பல்லாவரம் பஜாரில் குடை, பூட்டு, டிரங்குப் பெட்டி விற்கிற கடை வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் வீடு கட்டிக் குடி வந்தவர்கள். பத்து வருஷத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம் கிடையாது. என் மனைவி சரோஜாவும் பாய் சம்சாரம் ரஹமத் அம்மாவும் ஒருவர் வீட்டுப் புளி எது, மற்றவர் வீட்டுப் புளி எது என்று தெரியாத அளவுக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாய்க்கு ஒரே பெண், ஜெரினா. ஆம்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்தது. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு வருவாள். வந்தால் எங்கே படுப்பாள்? பாய் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. அதில் பாய், சம்சாரம், மூன்று பிள்ளைகள், புருஷனை இழந்த ஒரு தங்கை. நிற்கவே முறை போட்டுக்கொள்ள வேண்டும்.

கொல்லைப்பக்கம் ஒரு ரூம் போடலாம் என்று பாய் முடிவு செய்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, சிமென்ட் வேண்டும் என்றால் பெர்மிட் வேண்டும். பெர்மிட் வேண்டும் என்றால் செருப்பு தேய வேண்டும். பாய் நாலு மாசம் தேய்த்தார். மூட்டைகள் வந்து இறங்கிய அன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் பூந்தி வந்தது. பெண்ணுக்கு நிச்சயமானபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரோடு கொல்லைக்குப் போகிறேன் — அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே? சர்வே கல்லுக்கு இந்தப் பக்கம். என் பக்கம்!

"என்ன பாய், கோடு இப்படி இழுத்துட்டீங்க?"

"பத்திரத்துல இருக்கற அளவுதான் சார். ரோட்டுப் பக்கத்துக் கல்லுலேர்ந்து டேப் புடிச்சு மேஸ்திரி கரெக்டா போட்டாரு. இந்தப் பின்கல்லுதான் சார் ஒன்றரை அடி என் பக்கம் தள்ளி நிக்குது."

"கல்லு தள்ளி நிக்குதா? கல்லு என்ன நடக்குமா பாய்?"

"நடந்திருக்கே சார்," என்று சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சிரித்தார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் புடுங்கி நட்டேன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, அல்லா! நான் அப்படிச் சொல்வேனா சார்?"

"பின்னே யார் நட்டது? காக்கா நட்டுச்சா?"

என் குரல் ஏறியதில் தெருவே வந்துவிட்டது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு தேவசகாயம் சார். ஹைஸ்கூலில் ஜியாகரஃபி வாத்தியார். சர்ச்சுக்குப் புறப்பட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்தார். யார் வீட்டில் சத்தம் கேட்டாலும் சமாதானம் செய்து வைப்பது அவர் சுபாவம். வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பது இன்னொரு சுபாவம். அன்றைக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்தார். அதுதான் வினை.

"கல்லு நடக்குமான்னா சார் கேட்டீங்க? கண்டமே நடக்குது!"

குவித்து வைத்திருந்த மணலில் குடைக்கம்பியால் படம் போட்டார். ஒரு செங்கல் துண்டை இந்தியா என்றார், இன்னொன்றை ஆசியா என்றார். கடலுக்கு அடியில் தரை பிளந்து புதுத் தரை உண்டாகிறதாம். அது கண்டங்களைத் தள்ளிக்கொண்டே போகிறதாம். நாற்பது ஐம்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்த விஷயத்தை இப்போது பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். வேகம் எவ்வளவு? ஏறக்குறைய நம் விரல் நகம் வளர்கிற வேகம்.

"எது நகர்ந்தாலும் தரை மட்டும் நிலையா இருக்குன்னு நெனச்சோம் சார். அதுவே போய்க்கிட்டிருக்கு. இந்தப் பல்லாவரம் கல்லு இமயமலைய விட எத்தனையோ மடங்கு மூத்தது. அது எவ்வளவோ பார்த்தாச்சு. இதுல ஒன்றரை அடிக்கு நமக்குள்ள என்ன சார் சண்டை?"

சித்தாள் பெண் ஒருத்தி தலையில் வைத்திருந்த மண்கூடையை இறக்கவும் மறந்து, "அய்ய, அப்ப இப்ப நாம நின்னுகினே போய்க்கினு கீறமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காலடியைக் குனிந்து பார்த்தாள். அன்றைக்கு அந்த தியரியை ஒழுங்காகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் புரிந்துகொண்டேனா? "தரை நகர்ந்தா கிணத்துத் தண்ணி தளும்பணுமே சார்?" என்று மடக்கினேன்.

"பூமி சுத்துதுன்னு சொன்னப்பவும் ஜனங்க இதையேதான் சார் கேட்டாங்க," என்றார் தேவசகாயம் சார், வருத்தமாக.

எல்லாரும் கலைந்தார்கள். மறுநாள் காலை ஷேவ் செய்துகொண்டிருந்தேன். முகம் முழுக்க சோப்பு. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று உதித்தது.

இந்தியா எந்தத் திசையில் போகிறது? வடக்கே. கல் எந்தத் திசையில் போயிருக்கிறது? வடக்கே!

பாதி முகத்தோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். "சார், நிச்சயமா வடக்கேதானா?"

"வடக்கு. கொஞ்சம் கிழக்கு."

"கிழக்கு வேண்டாம் சார். வடக்கு போதும்."

நகம் வளர்கிற வேகம் என்றாரே... பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடப்பாவி, ஏறக்குறைய ஒன்றரை அடி! விஞ்ஞானம் என் பக்கம் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முந்தின நாள் கிணற்றுத் தண்ணீர் தளும்பணுமே என்று கேட்டது யார்? எவனோ படிக்காதவன்.

தேவசகாயம் சாருக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. "சார், சார்... நகர்ந்தா எல்லாம் சேர்ந்துதான் நகரும். உங்க வீடு, பாய் வீடு, நம்ம தெரு, திருநீர்மலை, மீனம்பாக்கம் ஏரோடிரோம் — மொத்தமா. யாருக்கும் ஒரு இஞ்ச் கூடாது, குறையாது. நான் சொன்னது சண்டைய விடறதுக்கு சார்."

"நீங்க தியரி மட்டும் சொல்லுங்க சார். அப்ளிகேஷன் நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

நான் இருபது வருஷமாக ஆபீஸில் டிராஃப்ட் எழுதுகிறவன். உட்கார்ந்தேன் என்றால் யாரும் நிற்க முடியாது. பஞ்சாயத்துத் தலைவருக்கு மனு. 'மேற்படி கல்லானது மனிதர் எவராலும் நகர்த்தப்படாமல் இயற்கையின் செயலால் வடக்கு நோக்கி நகர்ந்துள்ளபடியால், மேற்படி கல்லுக்குத் தெற்கே உள்ள பூமியும் உடன் நகர்ந்து வந்ததாகவே கருதப்பட்டு, அது மனுதாரருக்கே பாத்தியப்பட்டது எனவும், இது சமீபத்திய விஞ்ஞானத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளது எனவும்...' மூன்று பக்கம். கார்பன் காப்பியோடு.

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "நாடே நவுருதா சார்?"

"ஆமாங்க. புக்குல வந்திருக்கு."

"அப்ப நம்ம பஞ்சாயத்து எல்லையும் நவுந்து பக்கத்துப் பஞ்சாயத்துக்குள்ள போயிருக்குமா?"

"வடக்குப் பக்கமா இருந்தா நிச்சயமா போயிருக்கும்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வடக்கு எல்லையைத் தாண்டினால் பக்கத்துப் பஞ்சாயத்தின் புளியந்தோப்பு. "அப்ப இதுல விஷயம் இருக்கு," என்றார். தாலுகா ஆபீஸ் சர்வேயர் வந்து அளக்கிறவரை பாய் வீட்டு வேலையை நிறுத்தும்படி அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு விஞ்ஞானக் கொள்கை முதன்முதலாக அமலுக்கு வந்தது.

வேலை நின்றது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். சர்வேயர் இன்று வருவார், நாளை வருவார் என்று ஒரு மாசம் போயிற்று. ஒருநாள் நான் ஆபீசிலிருந்து வந்ததும் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"சார், தீபாவளி டயத்துல பொண்ணு வந்துடும். மழையும் வந்துடும். அஸ்திவாரத்தையாவது போட்டுக்கறேனே? சர்வேயர் வந்து தப்புன்னு சொன்னா நானே இடிச்சுடறேன். எழுதிக்கூடத் தரேன் சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டம்னு ஒண்ணு இருக்கு பாய்."

இதை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது. பாய் திரும்பிப் போனார்.

உள்ளே சரோஜா. கையில் கரண்டி. "எனக்கு ஒரு சந்தேகம். உங்க தியரிப்படி கல்லெல்லாம் வடக்க போகுது. சரி. தெற்குப் பக்கத்துல நமக்கு ரெண்டு கல்லு இருக்கே, அது ஏன் போகலை? அதுக்குத் தகவல் வரலையா?"

"அது... கொஞ்சம் லேட்டா நகரும்."

"ஓகோ. உங்களை மாதிரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அதற்கப்புறம் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். காபி வரும். தட்டு வரும். வார்த்தை வராது.

தியரிகள் நம் பார்வையை மாற்றுகின்றன என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு ஒரே ராத்திரியில் தியரி தலைகீழாக மாறியது. பார்வை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ஒன்றரை அடியில் நான் என்ன பயிர் செய்யப் போகிறேன்? ஒன்றும் இல்லை. பாய் சிரித்தாரே, அந்தச் சிரிப்பைத் தோற்கடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மழை வந்தது. எங்கள் ஏரியாவில் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பாய் சிமென்ட் மூட்டைகளைச் செங்கல் மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு, அதன் மேல் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய குடைகளையும் விரித்து வைத்தார். தோண்டிய வானக் குழியில் தண்ணீர் நிரம்பித் தவளை கத்தியது. அந்த மழையில்தான் ஜெரினா வந்தாள். எட்டு மாச வயிற்றோடு சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். ரூம் இருக்க வேண்டிய இடத்தில் குளம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

ஒருவழியாக மழை விட்டு இரண்டு நாள் கழித்து சர்வேயர் வந்தார். கூடவே சங்கிலி பிடிக்கிற ஆள், முனுசாமி. சங்கிலி நீண்டது, மடிந்தது. பாய் ஒரு பக்கம் நின்றார். நான் ஒரு பக்கம். நடுவில் தேவசகாயம் சார், குற்றவாளி மாதிரி. பின்னால் பஞ்சாயத்துத் தலைவரும் மொத்தத் தெருவும்.

"கல்லு ஒன்றரை அடி வடக்க போயிருக்கு," என்றார் சர்வேயர்.

"பார்த்தீங்களா! வடக்கே! நான் சொல்லலை?" என்று நான் குதிக்காத குறை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆரம்பித்தேன். சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முனுசாமி மட்டும் கல் பக்கத்தில் குந்திக்கொண்டு, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னா சார் இது, கல்லுல கவுத்துத் தடம் கீது? மாடு கட்டுவீங்களா?"

எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு, கௌரி. அதை அன்றைக்கு சர்வேயருக்காகத் தென்னை மரத்தில் கட்டியிருந்தேன். "கட்டுவோம்... அதுக்கென்ன?"

"கல்லு பேந்துக்குமா?"

"எப்பவாவது மழை நாள்ல பேந்துக்கும். நட்டுடுவேன்."

"எங்க நடுவீங்கோ?"

"எங்கேன்னா... கிடந்த இடத்துலதான்."

முனுசாமி எழுந்து நின்று, பாய் வீட்டுப் பக்கம் பார்த்தான். அங்கே அகத்தி மரம். தென்னை மரத்திலிருந்து கௌரி கயிறு விறைக்க அந்த அகத்தியைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கான பழக்கம்.

"அட இன்னா சார் நீ! இந்தியா, ஆப்பிரிக்கானு பேஜார் பண்ணிகினு! நாடும் நவுத்தல, கடலும் நவுத்தல. மாடு நவுத்திகீது!"

தெருவே சிரித்தது. சர்வேயர் சிரித்தார். பஞ்சாயத்துத் தலைவர்தான் சிரிக்கவில்லை. அவர் புளியந்தோப்பு விஷயமாகப் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு ஏற்கெனவே லெட்டர் எழுதிவிட்டாராம்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கௌரி ஏன் வடக்கேயே இழுத்தது? தினம் காலையில் ரஹமத் அம்மா அகத்திக் கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு, "கௌரி, வாடி" என்று கூப்பிட்டுக் கையால் ஊட்டுவார். வாயில்லா ஜீவன் என்று எங்கள் மாட்டுக்கு அவர் கொடுத்த கீரை. அதற்காக அது இழுத்த இழுப்பில்தான் கல் நகர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் அவர்கள் வீட்டு வேலையை நிறுத்தியிருக்கிறேன். பூமி பிளக்கும் என்று தேவசகாயம் சார் சொன்னாரே, அப்போது பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் சிரிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நேராகப் போய்த் தார்ப்பாயை விலக்கினார். ஒரு மூட்டையை அழுத்தினார். அமுங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. ஈரம் இறங்கி, நாலு மாசம் அலைந்து வாங்கிய சிமென்ட் அத்தனையும் மூட்டை மூட்டையாகக் கல்லாகியிருந்தது.

சர்வேயர் கல்லைப் பழைய இடத்தில் நட்டுவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. நான் பாய் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று பக்க மனு எழுதத் தெரிந்தவன், தட்டுத் தடுமாறி ஆரம்பித்தேன்.

"பாய்... வந்து... தேவசகாயம் சார் சொன்னதை நான்தான் சரியா..."

"சார்." பாய் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "அதெல்லாம் எனக்கு ஒண்ணும் வேணாம் சார். பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு. புள்ளய எங்க சார் படுக்க வெப்பேன்? அத மட்டும் சொல்லுங்க."

"தப்பு என்மேல பாய்," என்றேன். நாற்பத்தாறு வயசில் முதல் தடவையாகச் சொல்கிறேன். மூன்று எழுத்து, நாலு எழுத்து வார்த்தைகள்தான். வாயிலிருந்து வெளியே தள்ளுவதற்குள் வேர்த்துவிட்டது.

பாய் கேள்விக்குப் பதில் சொன்னது நான் இல்லை. சரோஜா. அவள் பாட்டுக்குப் பாய் வீட்டுக்குள் போனாள். ஜெரினாவின் டிரங்குப் பெட்டியை ஒரு கையிலும் ஜெரினாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "நம்ம ஹால்ல இருக்கட்டும்," என்றாள். ஒரு மாசத்துக்கப்புறம் அவள் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம். "உங்க ஈஸிசேரை எடுத்து வெளியில போடுங்க," என்பது இரண்டாவது.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நேராக எங்கள் ஹாலுக்குத்தான் வந்தது. நாற்பது நாள் தீட்டுக் கழிகிறவரை தாயும் குழந்தையும் அங்கேதான். ரஹமத் அம்மா பத்தியச் சமையலைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை வருவார். நான் வராந்தாவில் மாட்டுத் தீவன மூட்டைக்குப் பக்கத்தில் ஈஸிசேர் போட்டுக்கொண்டு, வாராவாரம் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதினேன். ரேடியோ போடக் கூடாது. இருமக் கூடாது. செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. ஹாலில் ஒரு முழ நீளத்தில் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது, மொத்த வீடும் அதைச் சுற்றி வருகிறது. நடுவில் இருப்பது நான் இல்லை என்பதை எத்தனை புத்தகம் படித்தும் நம்பாதவன், இரண்டே நாளில் நம்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது ஒன்றும் கஷ்டமாகவே இல்லை.

பகலில்? லீவு போட்டுவிட்டுப் பெர்மிட் ஆபீஸ் வரிசையில் நின்றேன், என் பெயரில் சிமென்ட் வாங்க. அங்கே என்ன காரணம் என்று கேட்டார்கள். 'சொந்த உபயோகம்' என்று எழுதினேன். இருபது வருஷத்தில் நான் எழுதிய மிகச் சின்ன மனு அதுதான். தேவசகாயம் சார் ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்தார். ஏதோ புதுப் பத்திரிகை கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ரூம் எழும்பியது. சரியான கோட்டில், ஒரு விரல்கூட இப்படி அப்படி இல்லாமல். சுவர் இடுப்பளவு வந்தபோது மேஸ்திரி ஒரு சிக்கலைக் கிளப்பினார். இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இல்லாவிட்டால் குழந்தைக்குக் காற்று வராது. ஆனால் எல்லைச் சுவரில் அடுத்தவன் மனையைப் பார்த்து ஜன்னல் வைக்க விதி கிடையாது. பாய் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என்னிடம் கேட்கவில்லை. கேட்கிற தைரியத்தை நான் அவருக்கு மிச்சம் வைத்திருக்கவில்லை.

நானே போய், "வையுங்க பாய்," என்றேன்.

"விதி இருக்கே சார்?"

"விதி எனக்குத் தெரியும் பாய். நீங்க வையுங்க."

இன்றைக்கும் இருக்கிறது அந்த ஜன்னல். இரண்டு மரக் கதவு. ஆம்பூரிலிருந்து வரும்போதெல்லாம், விடிந்ததும் பாய் பேத்தி அதைத் தள்ளித் திறந்துகொண்டு எங்கள் கொல்லையைப் பார்த்துக் கத்துகிறது. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது. அதாவது, என் மனைக்குள்.

எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று நான் இதுவரை அளந்து பார்க்கவில்லை.